அத்தையின் கைப்பேசியும் ஐந்து தேடுபொறிகளும்

ஈசூனில் இருக்கும் என் அத்தைக்குத் 'தேடுபொறி' என்ற சொல் தேவைப்பட்டதே இல்லை. "இதுல போட்டுப் பாருடா" என்பார். 'இது' என்றால் கைப்பேசித் திரையின் மேலே இருக்கும் வெள்ளைப் பெட்டி. அதை எந்த நிறுவனம் நடத்துகிறது, அங்கே யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு, புளோக்கின் மின்தூக்கியை எந்த நிறுவனம் செய்தது என்பதைப் போன்ற விஷயம். பொத்தானை அழுத்தினால் பத்தாவது மாடிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சோதனை செய்தேன். அந்தக் கூகல் பெட்டியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு சிறிய தேடுபொறியின் பெட்டியை வைத்தேன். சொல்லிவிட்டுத்தான் செய்தேன். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் "சரி சரி" என்றார். முதல் வாரம் ஒரு புகாரும் இல்லை. மழை வருமா, பலதுறை மருந்தகம் எத்தனை மணிக்குத் திறக்கும், திருச்சி விமானம் எப்போது இறங்கும், எல்லாம் ஒழுங்காக வந்தது. இரண்டாம் வாரம் அழைத்தார். ஆடிக் கூழுக்கு எவ்வளவு கேழ்வரகு மாவு என்று பார்க்க, வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருக்கிறார். வந்து நின்றது அடிடாஸ் காலணி. "என்னடா, தமிழே தெரியாத ஒருத்தன என் போன்ல உட்கார வச்சிட்டியா?"

சிறிய தேடுபொறி மட்டம், பெரியது உசத்தி, கதை முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சிறியது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், போட்டி என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் தெரிய ஆரம்பிக்கிறது. கணினித் துறையில் இல்லாதவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெட்டிக்குப் பின்னால்

சொல்லைத் தட்டியதும் தேடுபொறி இணையம் முழுக்க ஓடிப் பார்த்துவிட்டு வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அரை நொடியில் அது முடியாது. தடித்த புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்கும் அல்லவா, 'கேழ்வரகு: பக்கம் 41, 96, 203' என்று? தேடுபொறி முன்கூட்டியே அப்படி ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறது. நாம் தேடுவது அந்தச் சொல்லடைவில்தான். 'கிராலர்' எனப்படும் நிரல்கள் இரவு பகலாக ஒரு இணைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, பக்கங்களை வாசித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டே இருக்கின்றன. பக்கங்கள் மாறும், மறையும், புதிதாக முளைக்கும். அதனால் இந்த வேலைக்கு முடிவே கிடையாது.

எவ்வளவு பெரிய சொல்லடைவு? 2020 வாக்கில் கூகலிடம் ஏறக்குறைய 400 பில்லியன் ஆவணங்கள் இருந்தன என்று, அமெரிக்க அரசு கூகல்மீது தொடுத்த வழக்கின் விசாரணையில் வெளிவந்தது. அந்த வழக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காசு இருந்தால் இதைக் கட்டிவிடலாம் என்று தோன்றும். காசு மட்டும் போதாது. இணையத் தளங்கள் பலவும் வாசலில் ஒரு சிறு கோப்பு வைத்திருக்கின்றன. 'ரோபாட்ஸ்' கோப்பு என்பார்கள், 1994இலிருந்து இருக்கும் வழக்கம். எந்தக் கிராலர் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பல தளங்கள் கூகலையும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கையும் உள்ளே விட்டுவிட்டு மற்றவர்களைத் தடுக்கின்றன. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கிராலர் வந்து போனால் தளத்துக்குச் செலவு. கூகலின் கிராலர் வந்தால் பிறகு வாசகர்களும் வருவார்கள், பெயர் தெரியாத கிராலரால் என்ன வரும்? காண்டோமினியம் வாசலில் நிற்கும் காவலர், தெரிந்த சீருடை போட்ட உணவு விநியோகிப்பாளரை அப்படியே உள்ளே விட்டுவிட்டு, சாதாரணச் சட்டையில் வருபவரிடம் அடையாள அட்டை கேட்பாரே, அந்தக் கணக்குதான்.

ஆகவே சிறியவர்கள் பலர் சொல்லடைவைக் கட்டுவதில்லை, வாடகைக்கு எடுக்கிறார்கள். உங்களிடம் ஐபோன் இருந்தால் அமைப்புகளுக்குப் போய், சஃபாரி உலாவியின் (இணையப் பக்கங்களைத் திறக்கும் செயலி) தேடுபொறிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். கூகல், யாஹூ, பிங், டக்டக்கோ, எக்கோசியா என்று ஐந்து பெயர்கள் வரும். தேர்வுக்குப் பஞ்சமே இல்லை போலத் தெரிகிறது. ஆனால் யாஹூவின் முடிவுகள் பிங்கிலிருந்து வருகின்றன. டக்டக்கோவுக்கும் பெரும்பாலான இணைய முடிவுகள் பிங்கிலிருந்துதான். பெர்லினிலிருந்து இயங்கும், விளம்பர வருமானத்தில் மரம் நடும் எக்கோசியா பிங்கையும் கூகலையும் நம்பி வளர்ந்தது. உணவங்காடியில் ஐந்து கடைகளில் ஐந்து பெயர்ப் பலகைகள் தொங்க, சட்டி வேகும் மத்திய சமையலறை இரண்டே இரண்டு என்றால் எப்படி இருக்கும்? ஒரு கடையில் சட்னி நன்றாக இருக்கலாம், இன்னொன்றில் தட்டு சுத்தமாக இருக்கலாம். டக்டக்கோ நம்மைப் பின்தொடர்வதில்லை என்பது உண்மையான வேறுபாடுதான். ஆனாலும் இட்லி அதே இட்லி.

சமையலறைக்காரர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. பிங்கின் முடிவுகளை மற்றவர்கள் வாங்கிப் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் பொதுவாக விற்றுவந்த சேவையின் விலை 2023இல் கூடியது. 2025 ஆகஸ்ட் 11இல் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். தனி ஒப்பந்தம் வைத்திருந்த பெரிய கூட்டாளிகள் பிழைத்துக்கொண்டார்கள். அந்தச் சேவையை வைத்து ஏதாவது செய்து பார்த்துக்கொண்டிருந்த சின்னச் சின்ன முயற்சிக்காரர்களுக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

சொந்தமாகவே கட்டத் துணிந்தவர்களும் உண்டு. பிரிட்டனின் மோஜீக் பல ஆண்டுகளாகத் தன் சொல்லடைவைத் தானே கட்டிவருகிறது. ஜெர்மனியின் கிளிக்ஸ் 2020இல் மூடப்பட்டது, ஆனால் அதன் தொழில்நுட்பம் பிரேவ் நிறுவனத்தின் கைக்குப் போய், இன்று பிரேவ் தேடுபொறியாக ஓடுகிறது. எக்கோசியாவும் பிரான்சின் 'குவாண்ட்' தேடுபொறியும் சேர்ந்து ஐரோப்பாவுக்கென ஒரு சொல்லடைவு கட்டப்போவதாக 2024 நவம்பரில் அறிவித்தன.

கூழும் காலணியும்

சரி, சொல்லடைவு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடிடாஸ் எப்படி வந்தது?

ஆடிக் கூழ் என்று பல்லாயிரம் பேர் தேடியிருப்பார்கள். சிலர் தமிழ் எழுத்தில், சிலர் ஆங்கில எழுத்தில், ஒவ்வொருவரும் அவரவர் எழுத்துக்கூட்டலில். ஒருவர் தட்டுகிறார், முதலில் வந்ததைத் தொடாமல் நான்காவதாக வந்த சமையல் பக்கத்தைத் திறக்கிறார், அங்கேயே ஐந்து நிமிடம் நிற்கிறார். தேடுபொறி அதைக் குறித்துக்கொள்கிறது. இப்படி நிறையப் பேர் செய்த பிறகு, இந்த எழுத்துக் கோவைக்கு இந்தப் பக்கம்தான் என்று அதற்குப் புரிந்துவிடுகிறது. யாரும் உட்கார்ந்து அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டவர்களின் விரல்கள்தாம் சொல்லிக்கொடுத்தன.

அப்படியானால், அதிகம் பேர் கேட்கும் தேடுபொறி அதிகம் கற்கும். அதிகம் கற்றதால் நன்றாக இருக்கும். நன்றாக இருப்பதால் இன்னும் அதிகம் பேர் அங்கேயே போவார்கள். கூகலிடம் தினமும் வரும் கேள்விகள், அதன் போட்டியாளர்கள் எல்லாருக்கும் சேர்த்து வருவதைப்போல் ஒன்பது மடங்கு, கைப்பேசியில் மட்டும் பார்த்தால் 19 மடங்கு என்று அந்த அமெரிக்க வழக்கின் தீர்ப்பு சொல்கிறது.

அதே தீர்ப்பில் இன்னொரு எண் இருக்கிறது. கூகலிலும் பிங்கிலும் மக்கள் தட்டிய 3.7 மில்லியன் வெவ்வேறு தேடல் தொடர்களை எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். அவற்றில் 93 விழுக்காடு கூகலுக்கு மட்டுமே வந்தவை. பிங்குக்கு மட்டுமே வந்தவை 4.8 விழுக்காடு. அதாவது எல்லாரும் கேட்கும் கேள்விகளில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. மழை வருமா என்பதை யாரிடம் கேட்டாலும் ஒன்றுதான். யாரோ சிலர் மட்டும் எப்போதாவது கேட்கும் கேள்விகளில்தான் இடைவெளி தெரியும்.

தமிழில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்த 'எப்போதாவது' வகை. அதிலும் நம் மொழி தேடுபொறிக்குச் சுலபமானது இல்லை. வீடு என்ற ஒரே சொல் வீட்டை, வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்குள்ளேயே என்று உருமாறிக்கொண்டே போகும். 'வீட்டில்' என்று தேடுகிறவருக்கு 'வீடு' என்றிருக்கும் பக்கத்தையும் காட்ட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. நான் இங்கே சிங்கப்பூர்ச் செய்தித்தாள் வழக்கப்படி 'கூகல்' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் 'கூகுள்' என்பார்கள், சிலர் 'கூகிள்' என்பார்கள். மூன்றும் ஒன்று என்று கண்டுபிடிக்க, மூன்றையும் தட்டிய ஆட்கள் வேண்டும். சிறிய தேடுபொறியிடம் தமிழில் கேட்கும் ஆட்களே குறைவு.

கூகலுக்கும் எதிர்வாதம் இருக்கிறது. ஓரளவுக்கு மேல் தரவு சேர்ந்துவிட்டால் அதற்கப்புறம் பெரிய பயன் இல்லை, எங்கள் வெற்றிக்குப் பொறியாளர்களின் திறமைதான் காரணம் என்றார்கள். திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கூகல்தான் தரத்தில் சிறந்தது என்று நீதிபதியே எழுதியிருக்கிறார். ஆனால் தன்னிடம் ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு இதுவரை வராதவை என்று சொல்வதும் கூகல்தான். புதுக் கேள்விகள் தீராதபோது தரவு மட்டும் எப்படிப் 'போதும்' ஆகும்? இந்த இடத்தில் நான் நீதிபதியின் பக்கம். அளவு இன்னமும் முக்கியம் என்றே அவரும் முடிவுக்கு வந்தார்.

தேக்காவின் வாசல் கடை

சொல்லடைவும் பாடமும் இருந்தாலும் மூன்றாவதாக ஒன்று வேண்டும், இடம். தேக்கா சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், நுழைவாசலை ஒட்டிய கடைக்கும் உள்ளே மூலையில் இருக்கும் கடைக்கும் வாடிக்கையில் எவ்வளவு வேறுபாடு என்று. புதுக் கைப்பேசியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே உள்ளே உட்கார்ந்திருக்கும் தேடுபொறிதான் அந்த வாசல் கடை. 'டிஃபால்ட்' என்பார்கள். நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் நமக்காக ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது.

இந்த இடத்துக்கு வாடகை உண்டு. கைப்பேசி, உலாவி, தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இதற்காகக் கூகல் 2021இல் மட்டும் 26.3 பில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்தது. ஆப்பிளுக்கு மட்டும் 2022இல் சுமார் 20 பில்லியன். சஃபாரி வழியாக வரும் தேடல் விளம்பர வருமானத்தில் 36 விழுக்காடு ஆப்பிளுக்கு என்பது ஒப்பந்தம். இந்த எண்களெல்லாம் நெடுநாள் இரகசியமாக இருந்து, வழக்கு வந்ததால் வெளியே வந்தவை.

யோசித்துப் பாருங்கள், நன்றாக இருப்பதால்தான் மக்கள் வருகிறார்கள் என்றால் வாசலுக்கு எதற்கு இவ்வளவு வாடகை? கேள்வி நியாயமானது, ஆனால் பதில் ஒரு பக்கமாக இல்லை. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் பிங்தான் டிஃபால்ட், அங்கே தேடல்களில் 80 விழுக்காடு பிங்கில் நடந்தது என்கிறது அந்தத் தீர்ப்பு. அமெரிக்கா முழுவதுமாகப் பார்த்தால் பிங்கின் பங்கு அப்போது பத்தில் ஒன்றுகூட இல்லை. வாசலின் பலம் இதில் தெரிகிறது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2014இல் அமெரிக்காவில் டிஃபால்ட்டை யாஹூவுக்கு மாற்றியபோது, கணிசமானவர்கள் தேடிப் போய்க் கூகலுக்கே மாற்றிக்கொண்டார்கள். 2017இல் ஃபயர்ஃபாக்ஸும் கூகலிடம் திரும்பியது. ஐரோப்பிய நீதிமன்றத்தில் கூகலின் வழக்கறிஞர் இன்னும் குறும்பாக ஒன்று சொன்னார். பிங்கில் ஆக அதிகம் தேடப்படும் சொல் 'கூகல்' என்று.

இதில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சுவாரசியம் உண்டு. கூகலின் விளம்பரப் பிரிவை நடத்திய ஸ்ரீதர் ராமசாமி சென்னை ஐஐடியில் படித்தவர். அங்கிருந்து விலகி, 2019இல் விவேக் ரகுநாதனுடன் சேர்ந்து நீவா என்ற தேடுபொறியைத் தொடங்கினார். விளம்பரமே கிடையாது, மாதச் சந்தா. கூகலின் உள்ளும் புறமும் தெரிந்த ஒருவர், பணமும் ஆட்களும் உள்ளவர், தானே சொல்லடைவு கட்டுகிறார். இவராலும் முடியாவிட்டால் யாரால் முடியும் என்றுதான் பலரும் பார்த்தார்கள். 2023 ஜூனில் நீவா மூடப்பட்டது. தேடுபொறியைக் கட்டுவது ஒன்று, சாதாரண மக்களை அதற்கு மாறச் சம்மதிக்க வைப்பது முற்றிலும் வேறொன்று என்ற கருத்தில் அவர்கள் விடைபெறும்போது எழுதினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், அமெரிக்க அரசு கூகல்மீது தொடுத்த வழக்கில் ராமசாமி சாட்சி சொன்னார். அதே வழக்கில், அதே மாதத்தில், எதிர்த்தரப்பில் கூண்டில் ஏறியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை.

ஒருகாலத்தில் கூகலும் சிறியதுதானே?

நண்பர் ஒருவர் காப்பிக்கடையில் இதைத்தான் கேட்டார். 1998இல் தொடங்கிய ஒரு சின்ன நிறுவனம் ஆல்டாவிஸ்டாவையும் யாஹூவையும் தாண்டவில்லையா? தாண்டியது. நல்ல சரக்கால்தான் தாண்டியது, அதை மறுக்க முடியாது.

ஆனால் எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். 2000இல் யாஹூ தன் தளத்துத் தேடலுக்குப் பின்னால் கூகலைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. அன்றைய இணையத்தின் மிகப் பெரிய வாசல்களில் ஒன்று அது. அங்கே வந்த கூட்டத்தின் கேள்விகளெல்லாம் கூகலுக்குக் கிடைத்தன. 2004இல் யாஹூ விழித்துக்கொண்டு கழற்றிவிட்டபோது காலம் கடந்துவிட்டது. ஆக, அன்று ஒரு புதியவனுக்குப் பெரிய வாசல் ஒன்று திறந்தது. அதோடு அன்றைய இணையம் சின்னது, ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்தே அதைப் படித்துவிட முடிந்தது. இன்று அதே திறமையோடு ஒருவர் வந்தால் எந்த வாசலில் போய் நிற்பார்?

கொரியாவில் வேறு மாதிரி நடந்தது. 1999இல் தொடங்கிய நேவர் என்ற தேடுபொறி, கொரிய மொழியில் இணையத்தில் எழுத்து அதிகம் இல்லை என்பதைப் பார்த்தது. தேடுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் நல்ல தேடுபொறி எதற்கு? 2002இல் மக்களே கேட்டு மக்களே பதில் எழுதும் 'அறிவு' சேவை ஒன்றைத் தொடங்கி, தேட வேண்டிய சரக்கையே உருவாக்கிக்கொண்டது. கூகல் உள்ளே வந்தபோது நேவர் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. தமிழுக்கு இப்படி ஒருவர் அந்த நேரத்தில் வந்திருந்தால் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

நியாயம் என்று சட்டம் எதைச் சொல்கிறது?

பெரியதாக இருப்பது குற்றமில்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சிங்கப்பூரின் போட்டித்தன்மைச் சட்டம் 2004இல் வந்தது. அதன் 47ஆம் பிரிவு தடைசெய்வது சந்தையில் ஆதிக்கம் செலுத்துவதை அன்று, அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதை. சந்தைப் பங்கு 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆதிக்கம் இருக்கக்கூடும் என்பது இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஆணையத்தின் பொதுவான அளவுகோல். தவறு நிரூபணமானால் உள்ளூர் வருவாயில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு அபராதம் விதிக்கலாம்.

இந்தப் பிரிவில் இங்கே முதலில் மாட்டியது எந்தத் தொழில்நுட்ப நிறுவனமும் இல்லை, நுழைவுச்சீட்டு விற்கும் சிஸ்டிக். கச்சேரிக்கோ நாடகத்துக்கோ சீட்டு வாங்கிய எல்லாருக்கும் தெரிந்த பெயர். எஸ்பிளனேட் அரங்கிலும் சிங்கப்பூர் உள்ளரங்கு விளையாட்டரங்கிலும் நிகழ்ச்சி நடத்தினால் சீட்டை சிஸ்டிக் வழியாக மட்டுமே விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. 17 நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுடனும் அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள். புதிதாக ஒருவர் அருமையான சீட்டு விற்பனை முறையோடு வந்தாலும் விற்க அரங்கம் கிடைக்காது. 2010இல் ஆணையம் 989,000 வெள்ளி அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் தவறு உறுதியானது, தொகை மட்டும் 769,000 வெள்ளியாகக் குறைந்தது.

அரங்கம் இருந்த இடத்தில் ஐபோனை வையுங்கள், சீட்டு இருந்த இடத்தில் தேடலை வையுங்கள். அமெரிக்க வழக்கின் சாரம் கிடைத்துவிடும். 2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை தொடுத்த அந்த வழக்கில், 2024 ஆகஸ்ட் 5இல் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். கூகல் ஏகபோக நிறுவனம், அந்த ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டத்துக்குப் புறம்பாக நடந்தது என்பது முடிவு. அமெரிக்காவில் அதன் பங்கு 90 விழுக்காட்டை ஒட்டி, கைப்பேசியில் 95 விழுக்காட்டை ஒட்டி இருந்தது.

அதற்கு என்ன மருந்து என்பதுதான் சிக்கலான பகுதி. கூகலிடம் அதன் குரோம் உலாவியை விற்கச் சொல்ல வேண்டும் என்று அரசு கேட்டது. 2025 செப்டம்பர் 2இல் மேத்தா அதை மறுத்தார். 'எங்களைத் தவிர வேறு யாரும் கூடாது' என்ற வகை ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்தார். தகுதியுள்ள போட்டியாளர்களுக்குச் சொல்லடைவின் ஒரு பகுதியையும், மக்களின் கிளிக்குகள் தொடர்பான சில தரவுகளையும் கொடுக்கச் சொன்னார். சில ஆண்டுகளுக்குத் தேடல் முடிவுகளையும் அவர்களுக்கு விற்க வேண்டும். ஆனால் டிஃபால்ட் இடத்துக்குக் காசு கொடுப்பதை முழுவதுமாகத் தடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் காசு நின்றுபோனால் கூகலைவிட ஃபயர்ஃபாக்ஸ் போன்ற சிறிய உலாவிகளுக்குத்தான் முதல் அடி, அதன் வருமானத்தில் பெரும்பகுதியே கூகல் கொடுப்பது. பெரியவனின் வாடகையில்தான் சின்னவன் குடித்தனம் நடத்துகிறான்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 2018இல் கூகலின் கைப்பேசி இயங்குதளமான ஆண்ட்ராய்டு தொடர்பாக அதற்கு 4.34 பில்லியன் யூரோ அபராதம் (பிறகு நீதிமன்றம் சற்றுக் குறைத்தது). அப்புறம், புதுக் கைப்பேசியைத் திறந்ததும் எந்தத் தேடுபொறி வேண்டும் என்று கேட்கும் தேர்வுத் திரை வந்தது. முதலில் அந்தத் திரையில் இடம்பிடிக்கப் போட்டியாளர்கள் ஏலம் எடுக்க வேண்டியிருந்தது! சிறியவர்கள் கூச்சல் போட்டபின் 2021இல்தான் இலவசமானது. ஆசியாவில் ஜப்பானும் களத்தில் இறங்கியிருக்கிறது. 2025 ஏப்ரலில் கைப்பேசி ஒப்பந்தங்கள் தொடர்பாகக் கூகலுக்குத் தடையுத்தரவு போட்டது. கைப்பேசிகளுக்கென்று தனிச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது. சிங்கப்பூரில் அப்படித் தனிச் சட்டம் இல்லை, இருக்கும் போட்டித்தன்மைச் சட்டமே எல்லாத் தொழிலுக்கும்.

தேர்வுத் திரை நல்லதுதான், ஆனால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. என் அத்தை முன்னால் ஐந்து பெயர்களை வைத்தால் தெரிந்த பெயரைத்தான் தொடுவார், நானும் அப்படித்தான் செய்வேன். தெரியாத பெயரைத் தொட்டாலும் அடிடாஸ் வந்து நிற்கும். வாசலைத் திறந்துவிட்டுச் சமையலறையைப் பூட்டி வைத்தால் வந்தவர் சாப்பிடாமலே திரும்புவார். சொல்லடைவையும் கிளிக்குகளையும் பகிரச் சொன்ன பகுதிதான் மேத்தாவின் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுகிறது, செய்தித் தலைப்புகள் என்னவோ குரோமைச் சுற்றியே இருந்தன. அந்தப் பகுதியிலும் ஒரு சங்கடம் உண்டு. ஆயிரம் பேர் கேட்ட கேள்வியைப் பகிரலாம். நான்கு பேர் மட்டும் கேட்ட கேள்வியைப் பகிர்ந்தால், கேட்டவர் யார் என்று கண்டுபிடித்துவிட முடியும். அந்தரங்கத்தைக் காக்க அவற்றை நீக்க வேண்டியிருக்கும். சிறியவர்களுக்கு மிகவும் தேவைப்படுவதும் அந்த அரிய கேள்விகள்தான்.

இதற்கிடையே பலர் தேடுவதையே விட்டுவிட்டு சாட்ஜிபிடியிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மேத்தாவும் தன் முடிவில் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பதில் இயந்திரங்களும் இன்றைய செய்தியைச் சொல்ல வேண்டுமானால் ஏதோ ஒரு சொல்லடைவைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும். அதனால் சமையலறைக் கேள்வி அங்கேயும் இருக்கிறது.

அத்தையின் கைப்பேசியில் பழைய பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டேன். என்னுடையதில் சிறிய தேடுபொறியையே விட்டு வைத்திருக்கிறேன், ஆங்கிலத்தில் தேட எனக்கு அது போதும். தமிழில் எதையாவது தேட வேண்டியிருந்தால் மட்டும் கூகலைத் திறக்கிறேன். போன வாரம் அவருக்காகக் கருவேப்பிலைச் செடியின் இலையில் வரும் வெள்ளைப் புள்ளிக்கு மருந்து தேடியபோதும் அப்படித்தான் செய்தேன். மூன்றாவதாக வந்த பக்கத்தில் விடை இருந்தது, அதைத்தான் தொட்டேன். அந்தக் கிளிக்கும் கூகலின் கணக்கில்தான் சேர்ந்தது.